பத்துக்கு மூன்று

ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை போகும் பஸ்ஸில், நோர்வூட் தாண்டியதும் ஒரு வளைவில் கைகாட்டி ஏறியவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருடைய கம்பளிச் சட்டையிலிருந்து அந்த வாசம் வந்தது. கடையில் பொட்டலமாக விற்கிற தேயிலையின் வாசம் இல்லை அது. பச்சைக் கொழுந்து மாடியில் விரிந்து கிடந்து, தன் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்துத் துவளும்போது வருகிற வாசம். பாதி பழம், பாதி நனைந்த புல், அடியில் எங்கோ சூடான இரும்பு. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவரின் மேல் அது ஏறிவிட்டால் எத்தனை முறை துவைத்தாலும் போகாது.

முகத்தைத் திருப்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. அவர் அவராக இருந்துவிட்டால்? நான் இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு தரிப்பிடம் முன்னாலேயே மணியை அடித்து இறங்கி, தூறலில் நடந்தேன். ஐம்பத்திரண்டு வயது. பதினெட்டு வருடம் இந்த மலைகளில் உதைபந்தாட்டம் எழுதியவன். ஒரு வாசத்துக்குப் பயந்து நடந்து போனேன்.

நீங்கள் நாலு பேரும் இந்த ரசிகர் பக்கத்தை இனி எடுத்து நடத்தப் போகிறீர்கள். கடவுச்சொல், கெமரா, மழைக்குப் போர்த்துகிற பொலித்தீன் எல்லாம் கொடுத்துவிட்டேன். போன வாரம் நீங்கள் ஒன்று கேட்டீர்கள்: “அண்ணே, புதுசா யார எடுத்திருக்காங்க, டெப்த் எப்புடி, அத நீங்க எழுதுற மாதிரி எப்புடி எழுதுறது?” அதற்குத்தான் இந்தக் கடிதம். கழகம் வீரர்களைப் பதிவு செய்கிற மாதம் மறுபடி வருகிறது. ஒவ்வோர் இடத்துக்கும் எத்தனை பேர், ஒருவர் விழுந்தால் அடுத்தவர் யார் என்று ஊரே பேசும். நீங்கள் புள்ளி போடுவீர்கள். போடுங்கள். அதற்கு முன் நான் போட்ட ஒரு புள்ளியைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். வேறு எதையும் மாற்றவில்லை.

முதலில், எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர்.

நான் வாரப் பத்திரிகையில் எழுதிய காலத்தில் மெய்ப்புப் பார்க்க ஒரு பெண் இருந்தார். என்னைவிட ஆறேழு வயது இளையவர். உதைபந்து பிடிக்காது. ஓஃப்சைட் என்றால் என்னவென்று கடைசிவரை கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் என் கட்டுரை கைக்குப் போனதும் சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு வசனத்தின் ஓரத்திலும் ஓர் எழுத்துப் போடுவார். ‘பா’ என்றால் பார்த்தது. ‘கே’ என்றால் கேட்டது. ‘நி’ என்றால் நினைத்தது. ஒரு பந்தியில் ‘நி’ மட்டும் வரிசையாக விழுந்திருந்தால் தாளைத் திருப்பி என் மேசையில் வைப்பார். “எல்லாம் நெனப்பாவே இருக்கு. நேத்து மேட்சுக்குப் போனீங்களா, இல்ல வீட்ல படுத்துக் கெடந்தீங்களா?” என்பார். எனக்குக் கோபமாக வரும். மறுபடி எழுதுவேன். எழுதினால் நன்றாக இருக்கும்.

பத்திரிகை நின்றுபோனது. அவர் திருமணமாகிக் கண்டிக்குப் போய்விட்டார். நான் முகநூலுக்கு வந்தேன். அங்கே எழுதியவுடன் வெளியாகும், நேரலையில் பேசியவுடன் ஊருக்குப் போய்விடும். ஓரத்தில் எழுத்துப் போட யாரும் இல்லை. எவ்வளவு விடுதலையாக இருந்தது, தெரியுமா? முதல் மூன்று நாலு வருடம் நான் காற்றில் நடந்தேன்.

அந்த நாட்களில் செய்த ஒரு சின்னத் தவறைச் சிரிப்புக்காகச் சொல்கிறேன். கந்தப்பளையிலிருந்து ஒரு வலது ஓரக்காரரைக் கழகம் எடுத்தது. யாரோ அனுப்பிய சின்ன வீடியோ ஒன்றைப் பார்த்தேன். வெயிலில், காய்ந்த தரையில், மூன்று பேரைத் தாண்டிப் போகிறார். ‘மின்னல்’ என்று எழுதினேன். பத்துக்கு ஒன்பது. முதல் ஆட்டத்தில் மழை. நம்முடைய மைதானம் உங்களுக்குத் தெரியும், மழை என்றால் பாதி மைதானம் சேற்று வயல். மின்னல் முதல் ஓட்டத்திலேயே வழுக்கி, விளம்பரத் தட்டிக்கு அடியால் போய், பந்து பொறுக்குகிறவர்களின் தேநீர்க் கேத்தலைத் தட்டிவிட்டு எழுந்தார். “அண்ணே, மின்னல் வந்திருச்சு, இடி எப்ப வரும்?” என்று ஒரு மாதம் என்னைக் கேலி செய்தார்கள். அந்த வெட்கம் சட்டையில் பட்ட சேறு மாதிரி. காய்ந்தது, தட்டினேன், உதிர்ந்தது.

அடுத்ததாகச் சொல்லப்போவது உதிரவில்லை.

நம்முடைய கழகத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது, இனி அதை நீங்கள்தான் நடத்தி வைக்கப் போகிறீர்கள். பதிவு மாதத்தில் இருபத்தைந்து பெயரை ஒரு தாளில் எழுதி, பஜாரில் கைத்தொலைபேசி திருத்துகிற கடையின் கதவில் ஒட்டுவார்கள். ஒரு வாரம் அது தொங்கும். யாரும் வந்து பார்க்கலாம், கருத்துச் சொல்லலாம். கடைசி ஞாயிற்றுக்கிழமை கடைக்குள்ளேயே ரசிகர் கூட்டம். மறுநாள் செயலாளர் பட்டியலை லீக்குக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். கடைக்காரரை ஊரே நானா என்றுதான் கூப்பிடும். கூட்டத்துக்காகக் கண்ணாடிப் பெட்டிகளைச் சுவரோரம் தள்ளி இடம் ஒதுக்குவார். பால் இல்லாத பிளேன்ரீயும் அவர் செலவு.

இங்கிலாந்துக் கழகங்களின் ரசிகர்கள் இணையத்தில் செய்வதைப் பார்த்து, நான்தான் புள்ளி போடுகிற பழக்கத்தை இங்கே கொண்டுவந்தேன். மைதானத்தின் படத்தை வரைந்து, ஒவ்வோர் இடத்திலும் இரண்டு பெயர் எழுதி, பக்கத்தில் போன பருவத்தில் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை. அழகாக இருக்கும். பார்க்கிறவருக்கு எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி இருக்கும். அங்கே வீரருக்குப் பந்துதான் தொழில். இங்கே அவர் ஸ்டோரிலோ, மரக்கறித் தோட்டத்திலோ, லொறியிலோ தொழில் செய்துவிட்டு, மிஞ்சிய நேரத்தில் பந்து ஆடுகிறவர். படத்தைக் கொண்டுவந்த எனக்கு அது உறைக்கவில்லை. (உங்களில் ஒருவர் கொழும்பில் வளர்ந்தவர். அவருக்காக: தேயிலைத் தொழிற்சாலையை இங்கே ஸ்டோர் என்போம்.) நான் பஜாரில் பிறந்தவன். தோட்டம் என் ஜன்னலில் தெரிந்த பச்சை. அவ்வளவுதான்.

மூன்று வருடத்துக்கு முந்தைய அந்தக் கூட்டம் நன்றாகக் களைகட்டியிருந்தது, நான் அதைக் கைத்தொலைபேசியில் நேரலையாகப் போட்டுக்கொண்டிருந்தேன். ஐந்து பேரைப் புதிதாக எடுத்திருந்தார்கள். நானுஓயாவிலிருந்து வந்த நடுக்களக்காரருக்கு எட்டு போட்டேன், கைதட்டினார்கள். கோல் காப்பாளருக்கு மாற்று ஆள் இல்லை என்றேன்.

“ஏன் இல்ல? நான் இருக்கேனே!” என்றார் நானா. “கடையப் பூட்டிட்டு வந்து நிப்பேன். கோல் வாய நெறச்சாப் போல ஒடம்பும் இருக்கு.”

“நானா நின்னா பந்து வராது, கடன்காரனுங்கதான் வருவாங்க!” என்று யாரோ கத்தினார்கள். கடையே குலுங்கியது. கைத்தொலைபேசித் திரையில் இதயக்குறிகள் ஈசல் மாதிரி பறந்தன. நான் மிதந்துகொண்டிருந்தேன்.

அப்புறம் இடது பின்வரிசை. முதல் பெயர் தினேஷ். இளைஞன், நல்ல வேகம், போன பருவத்தில் எல்லா ஆட்டமும் ஆடியவன். இரண்டாவது பெயர் செல்வராஜ். வயது முப்பத்துமூன்று, பட்டியலில் ஒன்பது வருடம். கடைசி மூன்று பருவங்களில் ஆடியது பூச்சியம்.

“இங்க பாருங்க,” என்றேன். “பூச்சியம், பூச்சியம், பூச்சியம். இது வீரரா, முட்டக் கடையா?”

சிரித்தார்கள்.

“ஒருத்தன் ஓடுறான், ஒருத்தன் லிஸ்ட்ல குந்திக்கிட்டு இருக்கான்!” என்றது ஒரு குரல்.

“பொகவந்தலாவையில ஒரு நல்ல பையன் காத்துக்கிட்டு இருக்கான். இவருக்காக அவனுக்கு இடமில்ல. அணியோட ஆழம்னு சொல்றது இதுவா?” என்று கேட்டு, கொஞ்சம் நிறுத்தி, சொன்னேன்: “பத்துக்கு மூணு. அந்த மூணும் வயசுக்கு மரியாத.”

அதைச் சொன்னபோது எனக்குப் பின்னால், கதவுப் பக்கமிருந்து, வாடிய கொழுந்தின் வாசம் ஒரு தடவை வந்தது. இந்த ஊரில் அது எங்கும்தான் வரும். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போது சட்டைப்பையிலிருந்த என் மற்றத் தொலைபேசி அடித்தது. கழகத்தின் செயலாளர். நேரலையை நானாவின் கையில் கொடுத்துவிட்டு ஓரமாகப் போய் எடுத்தேன்.

“அண்ணே, பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். செல்வராஜ் விசயத்துல கொஞ்சம் பொறுங்க. அவன் வேற மாதிரி ஆளு. கூட்டத்துல வச்சிச் சொல்ல முடியாது, நாளைக்கு நேர்ல சொல்றேன்.”

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். வேலையில் நெருக்கடி என்பது பெரிய சத்தத்தோடு வருமென்று நினைத்திருப்பீர்கள். எனக்கு அது இப்படித்தான் வந்தது: ஒரு காதில் ஒரு மனிதர் தாழ்ந்த குரலில் ‘பொறுங்க’ என்கிறார், மறு காதில் கூட்டம் சிரிக்கிறது. ‘வேற மாதிரின்னா என்ன?’ என்று நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். மெய்ப்புப் பார்த்தவர் இருந்திருந்தால் அந்த மூன்றுக்குப் பக்கத்தில் சிவப்பில் ‘நி’ என்று போட்டிருப்பார். திரையில் யாரோ ஒருவர், ‘செல்வராஜ் அண்ணனப் பத்தித் தெரியாமப் பேசாதீங்க’ என்றும் எழுதியிருந்தார். பார்த்தேன். இதயக்குறிகள் அதைத் தள்ளிக்கொண்டு மேலே போயின.

திரும்பிவந்து நேரலையை வாங்கி நான் சொன்னது இது: “இப்ப யார் பேசுனாங்க தெரியுமா? செயலாளரே போன் பண்ணி சிபாரிசு பண்றாரு. செல்வராஜ் அவருக்குச் சொந்தமாம்ல? மச்சானுக்கு மச்சான் டீம்னா, நாம எதுக்கு இங்க உக்காந்து டீ குடிக்கிறோம்?”

கடை கொதித்தது. “வெட்டு, வெட்டு!” என்று மேசையில் தட்டினார்கள். நானா மட்டும் சிரிக்கவில்லை. “தம்பி, போன்ல பேசுனத இப்புடிப் போட்டு ஒடைக்கிறதா?” என்று என் காதருகில் கேட்டார். கைத்தொலைபேசியைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினேன்.

அதற்குப் பிறகு செயலாளரால் என்ன செய்ய முடியும்? காப்பாற்றினால் சொந்தக்காரருக்காகச் செய்தார் என்றாகும். மறுநாள் லீக்குக்குப் போன பட்டியலில் செல்வராஜின் பெயர் இல்லை. ‘ரசிகர்களின் குரல் வென்றது’ என்று நான் எழுதினேன். அந்தத் தலைப்பை இன்றைக்கும் தேடினால் கிடைக்கும். அழிக்காமல் வைத்திருக்கிறேன், அழிக்க எனக்கு உரிமை இல்லை என்பதால்.

நான் சொன்னது பிழையாகிப்போய் அணி தோற்றிருந்தால், இது ஒரு சாதாரணக் கதை. அணி வென்றது. தினேஷ் ஓர் ஆட்டத்தையும் விடவில்லை. பொகவந்தலாவைப் பையன் அந்தப் பருவம் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்து தோடம்பழம் உரித்தான். அவனை யாரும் எதற்கும் குறை சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இறுதியாட்டத்தின் கடைசிப் பகுதியில் மலையிலிருந்து மூடுபனி இறங்கி மைதானத்தை மூடியது. கெமராவில் வெறும் வெள்ளை. நேரலையில் இருந்தவர்களுக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது. நான் இடது கோட்டோரமாக நின்றேன். தினேஷ் அந்த வெள்ளைக்குள்ளிருந்து வெளியே வந்து, ஒரே அடியாக அடித்த பந்து கோலுக்குள் போனதை, பத்துப் பன்னிரண்டு பேர்தான் கண்ணால் பார்த்தோம். அதில் நான் ஒருவன்.

கிண்ணத்தோடு நின்ற தினேஷிடம் ஒலிவாங்கியை நீட்டினேன். மூச்சு வாங்கிக்கொண்டு, “முதல்ல செல்வண்ணனுக்குத்தான் சொல்லணும், அவரு இல்லாட்டி நான் இன்னைக்கு...” என்று தொடங்கினான். நன்றி சொல்கிற பட்டியல் நீளும், பார்க்கிறவர்கள் போய்விடுவார்கள் என்று நினைத்து, “அதெல்லாம் அப்புறம் தம்பி, அந்தக் கோலப் பத்திச் சொல்லு,” என்று ஒலிவாங்கியைத் திருப்பினேன். பதினெட்டு வருடத்தில் என் கையால் செய்த மிக மோசமான காரியம் எது என்று கேட்டால், இந்தத் திருப்பல் என்றுதான் சொல்வேன்.

அடுத்த பருவம். தினேஷைப் பற்றி ஒரு படம் எடுக்கலாம், ஸ்டோரில் வேலை செய்வதிலிருந்து மைதானம்வரை, என்று ஒரு யோசனை. ஆட்டமுள்ள ஞாயிற்றுக்கிழமை காலையில் சொல்லாமல் கொள்ளாமல் ஸ்டோருக்குப் போனேன். கொழுந்து கூடிய மாதம், ஞாயிறும் எந்திரம் ஓடியது. ஸ்டோரின் பொறுப்பாளரை டீ மேக்கர் என்பார்கள். அவர் வாசலில் நின்றார்.

“தினேசா? அவன் மேட்சுக்குப் போயிட்டானே.”

“அவன் இல்லாட்டி வேல எப்புடிங்க நடக்குது?”

என்னை விநோதமாகப் பார்த்தார். “பேப்பர்ல எழுதுறவருக்குத் தெரியாதா? கொழுந்து சுருட்டுற ரோலர்ல ரெண்டு பேருக்குத்தான் பழக்கம், தினேசும் செல்வராஜும். ஒருத்தன் போனா ஒருத்தன் நிக்கணும். இவன் ஆடுற நாளெல்லாம் அவன்தான் ரெண்டு ஆள் வேல பாக்குறான். நாலு வருசமா இதுதான். முந்தியெல்லாம் ரெண்டு பேர் பேரையும் போட்டு, ஒருத்தர விடச் சொல்லி கிளப்புலேருந்து கடுதாசி வரும், நானும் மேனேஜர் தொரைகிட்ட காட்டுவேன். போன வருசம் செல்வராஜ் பேர எடுத்துட்டாங்க. கிளப்புல இல்லாதவன் பேரப் போட்டு எழுத முடியாதுன்னு கடுதாசியும் நின்னு போச்சு. இப்ப வாராவாரம் அவனே வந்து, தொப்பியக் கையில புடிச்சிக்கிட்டு நிக்கிறான். ‘ஐயா, இந்த ஞாயிறும் நான் நிக்கிறேங்க’ன்னு. நான் என்னத்தச் சொல்றது? தலைய ஆட்டிட்டுப் போயிடுவேன்.”

கதவுக்கு அப்பால் எந்திரங்களுக்கு நடுவில் செல்வராஜ் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார். அந்த மூன்று பூச்சியங்களும் எழுந்து என்னைப் பார்த்தன. நான் ஆழம் ஆழம் என்று படம் வரைந்து காட்டினேன். அணியின் ஆழம் இங்கே, மூக்கில் தூள் ஏறி, தனியாக நின்றுகொண்டிருந்தது. அதைத்தான் வெட்டச் சொன்னேன். வெட்டினார்கள். வெட்டிய பிறகும் அது தாங்கிக்கொண்டே நின்றது. அதனால்தான் நான் சொன்னது சரி என்று ஊர் நம்பியது.

அன்று அவரிடம் போய்ப் பேசவில்லை. கெமராவைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

அடுத்த நாள் செயலாளரைப் பார்த்தேன். என்னை உட்காரச் சொல்லாமலே பேசினார். “அன்னைக்கு நேர்ல சொல்றேன்னு சொன்னேன். நீங்க மறுநாள்வரைக்கும் பொறுக்கல.”

“பேர மறுபடி போடலாம்தானே?”

“போடலாம். பிரயோசனம் என்ன? ஒங்களுக்குப் பலகை தெரியும்தானே?”

கழக அறையில் ஒரு மரப்பலகை இருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பத்துப் பருவம் விடாமல் பட்டியலில் இருந்தவரின் முழுப்பெயரை வெள்ளைச் சாயத்தில் எழுதுவார்கள்.

“தொடர்ந்து பத்துண்ணே. அவன் ஒம்போது முடிச்சிட்டான். நீங்க வெட்டுனது பத்தாவது. இனி முதல்லேருந்து எண்ணணும். அவனுக்கு இப்ப முப்பத்துநாலு.” ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னார்: “தோட்டத்துச் சம்பளப் புத்தகத்துல அவன் வெறும் செக்ரோல் நம்பரு. லயத்து வீட்டுல கதவு நம்பரு. அவன் பேர முழுசா எழுதி மாட்டப்போற ஒரே எடம் அந்தப் பலகைதான். எனக்கு மச்சான்ங்கிறதுனால சொல்லல. அவன் கேட்டதும் அது ஒண்ணுதான்.”

வீட்டுக்கு வந்து ஒரு திருத்தம் எழுதினேன். நல்ல எழுத்து. அழகான வசனங்கள். வாசித்துப் பார்த்தேன். அதில் செல்வராஜைவிட நான்தான் அதிகம் இருந்தேன், எவ்வளவு பெருந்தன்மையாகத் தவறை ஒத்துக்கொள்கிறேன் என்று. வெளியிடவில்லை. அந்தக் காரணத்தால் மட்டும் வெளியிடவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். ‘ரசிகர்களின் குரல்’ என்ற பெயர் எனக்கு இனித்தது. அதை இழக்கப் பயந்தேன்.

மூன்று வாரம் கழித்து, வேறு வழியில்லாமல், மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டோருக்குப் போனேன். தேநீருக்கு விடுகிற நேரம். வாசலுக்குப் பக்கத்தில் கொழுந்து லொறி நிற்கிற இடத்தில் அவர் குந்தியிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கையைத் துணியில் துடைத்தார்.

“என்னங்க சார், இந்தப் பக்கம்? தினேசு இல்லையே, மேட்சு.”

“ஒங்களத்தான் பாக்க வந்தேன்.”

“என்னையா!” என்று சிரித்தார். “நான் பத்துக்கு மூணுதானே சார்.”

அவரே தொடர்ந்தார்: “அன்னைக்கு நானும் வந்திருந்தேன். கதவுகிட்ட நின்னேன். லிஸ்ட்டப் பாத்துட்டுப் போகலாம்னு வேல முடிஞ்சி நேரா வந்தது. எம் மக இப்ப கணக்குல பத்துக்கு நாலு எடுத்துட்டு வந்து, ‘அப்பாவவிட ஒண்ணு கூட’ங்குறா. வீட்ல யாரும் யாரையும் ஏச முடியல சார் இப்ப.”

“ஏன் செல்வராஜ் நீங்க யாருகிட்டயும் சொல்லல?”

“என்னத்தச் சொல்றது? ரெண்டு பேருல ஒருத்தன்தான் போகலாம். யாரு போனா டீமுக்கு நல்லதுன்னு பாத்தேன். அவன் என்னையவிட நல்லா ஆடுறான். அவன் போகட்டும்னேன். இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?”

ஓர் அணியைப் பற்றி இதைவிட நேர்மையான மதிப்பீட்டை நான் வாசித்ததில்லை, எழுதியதுமில்லை. தன்னைத்தானே எடைபோட்டு, தன் பெயரைத் தானே இரண்டாவதாக எழுதிவைத்தவர் அவர்.

“எல்லாத்தையும் எழுதிடுறேன்,” என்றேன். “நான் சொன்னது பிழைன்னு.”

அவர் முகம் மாறியது. “ஐயோ, வேணாங்க சார். எழுதுனா ஆபீசுல படிப்பாங்க. கடுதாசி இல்லாம எப்புடி ஆள மாத்துனன்னு டீ மேக்கர் ஐயாவக் கேப்பாங்க. அப்புறம் தினேசு எப்புடிப் போவான்? அவன் ஆடி முடிக்கட்டும். அப்புறம் என்ன வேணும்னாலும் எழுதிக்கங்க.”

மன்னிப்புக் கேட்கப் போனவனுக்கு, வாயைத் திறக்காதே என்பதுதான் கிடைத்த தீர்ப்பு. அது இரண்டு வருடத்துக்கு முன்னால். அதற்குப் பிறகு நான் அந்த ஸ்டோருக்குப் போகவில்லை. அந்த டீ மேக்கர் வேறு தோட்டத்துக்கு மாறிப் போய்விட்டார். தினேஷ் முழங்கால் வலியோடு ஆடி, போன மாதம் சப்பாத்தைக் கழற்றிவிட்டான். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்காக யாரும் நிற்க வேண்டியதில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

உங்களுக்கு நான் விட்டுப்போகிற குறிப்பு இவ்வளவுதான். பட்டியலில் பூச்சியம் கண்டால், அவர் அந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று போய்ப் பாருங்கள். போன் பண்ணிக் கேட்க வேண்டாம், பஸ் ஏறிப் போங்கள். மெய்ப்புப் பார்த்தவரின் மூன்று எழுத்தையும் உங்கள் வசனங்களின் ஓரத்தில் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இதையெல்லாம் செய்தாலும் பிழை விடுவீர்கள். ஆனால் ஒருவர் ‘பொறுங்க’ என்று சொல்லும்போது பொறுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையில் மிச்சம் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன்.

“பலகையில ஒங்க பேரு...” என்று தொடங்கினேன்.

“அது போனது போனதுதான் சார்.” கையிலிருந்த துணியை மடித்தார், மறுபடி விரித்தார். “வீட்ல சொல்லி வச்சிருந்தேன், வருசம் முடிய மூணு பேருமா போயி பாத்துட்டு வருவோம்னு. மகளுக்குப் புதுச் சட்டைகூட எடுத்தாச்சு. அது ஒண்ணுதான்.”

உள்ளே எந்திரத்தின் சத்தம் கொஞ்சம் தணிந்தது. தேநீர் முடிந்து ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். நானும் போக எழுந்தேன். அவர் கொஞ்சம் தயங்கி, கேட்கலாமா கூடாதா என்பது போல என்னைப் பார்த்தார்.

“சார், ஒண்ணு கேக்கவா? அந்த பைனல்ல தினேசு அடிச்ச கோலு. நான் இங்க நின்னேன்தானே. அப்புறம் வீடியோவுல பாத்தா ஒரே வெள்ளையாத்தான் இருக்கு. தினேசுகிட்ட கேட்டா, ‘அடிச்சேண்ணே, போயிருச்சு’ங்குறான். நீங்க பக்கத்துல நின்னீங்களாமே. எப்புடி இருந்திச்சு?”

அந்தக் கோலைப் பற்றி எத்தனை ஆயிரம் சொற்கள் பேசியிருக்கிறேன். அதில் ஒன்றும் இங்கே உதவாது. பிறகு மெதுவாகத் தொடங்கினேன். பனி எப்படி மேட்டிலிருந்து இறங்கியது, அடுத்த ஆளின் முகம்கூட எப்படித் தெரியாமல் போனது, பந்து புல்லில் உருளுகிற சத்தம் மட்டும் எப்படிக் கேட்டது. அவர் அசையாமல் கேட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து முதலில் தெரிந்தது தினேஷின் இடது கால், என்று சொன்ன இடத்தில் ஸ்டோரின் சங்கு ஊதியது.

அவர் சட்டென்று துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். இரண்டடி போய்த் திரும்பினார்.

“மிச்சத்த அடுத்த ஞாயித்துக்கெழம வந்து சொல்லுங்க சார். நான் இங்கதான் இருப்பேன்.”